அலுமாரியில் வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கராஜ், சர்வீஸ் நிலையம், வாகன முகவர் நிறுவனம் என்று நடத்திவரும் முதலாளிமாருக்கும், அங்கே மனிதவளப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயாமார், அம்மாமாருக்கும்,

வணக்கம்.

பேஸ்லைன் வீதிப் பக்கத்தில் ஒரு கராஜில் கோலையாவாக (எடுபிடிப் பையனாக) சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகியவன் நான். இன்று ஒரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைகிற நேரங்களில் கடை வாசலில் நின்று பேசியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

விடயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலை கேட்டு வருகிற பையனிடம் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழின் மூலப் பிரதியை வாங்கி ஃபைலில் போட்டுப் பூட்டி வைக்கிறீர்கள். அவன் விலகப் போகிறேன் என்று கடிதம் கொடுத்த நாளிலிருந்து அந்த ஃபைலுக்குச் சாவி கிடைப்பதில்லை. சேவைக் கடிதமும் கிடைப்பதில்லை. எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு மூலப் பிரதியை அப்போதே கையில் கொடுத்துவிடுகிற நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் கொடுக்காத இடங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. என் வேண்டுகோள் ஒன்றுதான்: சான்றிதழை அதற்குச் சொந்தக்காரனிடம் கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த தம்பி அவன். அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஒருகொடவத்தையில் மோட்டார் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவனத்தில் படித்து நிலை 4 எடுத்தவன். என்னிடம் கொஞ்ச நாள் வேலை பழகிவிட்டு, பிறகு கொஞ்சம் பெரிய இடமாகப் பார்த்துச் சேர்ந்தான். கைவேலை சுத்தம். ஹைபிரிட் வாகனம் ஒன்று மேடையில் ஏறினால் கூப்பிடுகிற முதல் பெயர் அவனுடையதுதான் என்று அங்கே வேலை செய்கிறவர்களே சொன்னார்கள்.

அவனுக்குக் கட்டாரில் ஒரு வேலை சரிவந்தது. நேர்முகத் தேர்விலும் எடுபட்டுவிட்டான். ஏஜன்சியில் கேட்டது இரண்டு தாள்கள்: வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்துவதற்கு மூலச் சான்றிதழ், அப்புறம் அனுபவக் கடிதம். அங்கே போட்டோகொப்பியைக் கொண்டுபோய் நீட்ட முடியாது, மூலப் பிரதி வேண்டும். அவன் முறையாக ஒரு மாதம் முன்கூட்டியே விலகல் கடிதம் கொடுத்தான். அதற்குப் பிறகு தொடங்கியது அலைச்சல். முகாமையாளர் மீட்டிங்கில், முகாமையாளர் கண்டியில், திங்கட்கிழமை வா, வியாழக்கிழமை வா.

ஒரு நாள் நானும் அவனோடு போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிற இரும்பு அலுமாரி. உள்ளே இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள், அவளில் குற்றம் இல்லை. ஃபைலை எடுத்து எங்கள் முன்னால் விரித்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ் இருந்தது, அவனுடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எனக்கே வாசிக்கத் தெரிந்தன. “வேணுமெண்டா ஒரு கொப்பி எடுத்துத் தாரேன் தம்பி” என்றாள். “இல்ல மிஸ், ஒரிஜினல்தான் கேக்குறாங்க” என்றான் இவன். “சேர் சைன் பண்ணாம வெளிய குடுக்க ஏலாது” என்று சொல்லி ஃபைலை மூடி, திரும்ப உள்ளே வைத்துச் சாவியைத் திருப்பினாள். தன் பெயர் எழுதியிருக்கிற தாளை ஒரு முழத் தூரத்தில் பார்த்துவிட்டு அவன் “தேங்க்யூ மிஸ்” என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தான். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

ஏஜன்சி கொடுத்த தவணை முடிந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டார். மருத்துவப் பரிசோதனைக்கும் ஏஜன்சிக் காசுக்கும் அம்மா அடகு வைத்த தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது, வட்டி ஏறுகிறது. விலகல் கடிதம் கொடுத்ததால் பழைய வேலையும் இல்லை. இப்போது வெல்லம்பிட்டியில் நாள் சம்பளத்துக்கு டிங்கர் பட்டறை ஒன்றில் நிற்கிறான். நிலை 4 எடுத்தவன் அங்கே வர்ணத்துக்குத் தகடு தேய்க்கிறான். சான்றிதழ் கடைசியில் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. தவணை முடிந்த அடுத்த கிழமை, தொலைபேசியில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

உங்கள் பக்கத்தையும் நான் அறியாதவனல்ல. பழக்கி எடுத்த பையன் ஒரு வருடத்தில் போய்விட்டால் வேலை தேங்குகிறது, வாடிக்கையாளர் கத்துகிறார். 2022க்குப் பிறகு நம் தொழிலில் இருந்து கட்டாருக்கும் டுபாய்க்கும் போனவர்கள் போக, ஜப்பானும் திறமையான தொழிலாளருக்கான தன் விசாவில் வாகனத் திருத்த வேலையையும் ஒரு துறையாக வைத்து ஆள் எடுக்கிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு மின்சார வாகனம், ஹைபிரிட் என்று வந்து இறங்கும்போது, அவற்றில் கைவைக்கத் தெரிந்தவர்கள் கையளவுதான். அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் பயத்துக்கு மருந்து அடுத்தவன் சான்றிதழைப் பூட்டி வைப்பதா?

வளைகுடாவில் நம் பெண்களின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரரைப் பற்றி நாம் எவ்வளவு கோபமாகப் பேசுகிறோம்! சர்வதேச தொழில் அமைப்பு கட்டாய உழைப்பைக் கண்டுகொள்ள 11 அடையாளங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. தொழிலாளியின் அடையாள ஆவணங்களையோ பெறுமதியான உடைமைகளையோ பிடித்து வைப்பது அவற்றில் ஒன்று. கட்டாய உழைப்புக்கு எதிரான 29ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1950இலேயே ஏற்றுக்கொண்டது. இன்னொன்றும் சொல்கிறேன். வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் ஆட்சேபனையில்லாக் கடிதம் வேண்டும் என்ற விதியைக் கட்டாரே 2020இல் எடுத்துவிட்டது. அந்தக் கட்டாருக்குப் போக நினைத்தவனைத்தான் கொழும்பில் ஒரு கையொப்பத்துக்காக நிறுத்தி வைத்தோம்.

இத்தனை வருடம் விலகாமல் வேலை செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிய பொண்ட் இருக்கிறது என்பீர்கள். சரி. பயிற்சிக்கு நீங்கள் உண்மையாகவே காசு செலவழித்திருந்தால், அந்தத் தொகையை எழுத்தில் காட்டுங்கள், வருடத்துக்கு வருடம் அது குறைந்துகொண்டு வரட்டும், மீதியைக் கேளுங்கள், தராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. அது வழி. ஆனால் நான் பார்த்த பொண்ட்களில், கம்பனி செலவில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டு மூன்று வருடம் கட்டிப்போட்டவையும் இருக்கின்றன. சான்றிதழ் போலியாக இருக்கலாம் என்ற சந்தேகமா? அதைக் கொடுத்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடமே இலக்கத்தைச் சொல்லி உறுதிப்படுத்தலாம். அதற்கும் மூலப் பிரதியை வருடக்கணக்கில் வைத்திருக்கத் தேவையில்லை.

பையன்கள் ஏன் போகிறார்கள் என்று ஒரு நாள் பட்டறைக்குள் இறங்கி நின்று பாருங்கள். பல ஹைபிரிட் பெட்டரிகளில் இருப்பது 100 வோல்ட்டுக்கு மேல். பெட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும் வரை பொறுத்திருந்து, மின்காப்புக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். அந்தக் கையுறை பட்டறைக்கே ஒரு சோடி, அதுவும் ஓட்டை விழுந்ததா என்று ஊதிப் பார்க்க ஆளில்லை. பெயின்ட் அடிக்கிற பாஸைப் பாருங்கள். இரண்டு கலவை வர்ணத்தில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமா வரவைக்கிறது, அதற்கு வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். அவருக்குக் கிடைப்பது கொரோனா காலத்துத் துணி மாஸ்க். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தை அடிப்படை, அந்தப் படி, இந்தப் படி என்று துண்டு துண்டாக வெட்டி, அடிப்படைத் துண்டுக்கு மட்டும் சேமலாப நிதி கட்டுகிற இடங்கள் எத்தனை! முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் இன்றைய கணக்கு. வாழ்க்கைச் செலவுப் படியும் சாப்பாட்டுப் படியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. ஐந்து வருடம் முடிந்தால் பணிக்கொடை கொடுக்க வேண்டி வரும் என்று, அது நெருங்கும்போது வேறு கம்பனிப் பெயரில் புதிய நியமனக் கடிதம் நீட்டுகிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஐந்து வருடம் இந்த நகரத்தின் வாகனங்களை ஓட வைத்தது யார்? புதுப் பாகம் இல்லாத நேரம் பழையதை வெட்டி ஒட்டி, கடைந்து, நிரப்பி, முச்சக்கர வண்டி முதல் லொறி வரை வீதியில் விட்டது இந்தக் கைகள்தான். பெற்றோல் வரிசை நின்ற காலத்தில் வீட்டுக்குப் போக வழியில்லாமல் பட்டறையிலேயே படுத்தார்கள், அரைச் சம்பளத்துக்கும் நின்றார்கள். அன்றைக்கு அவர்களை நிற்க வைத்தது பொண்ட் அல்ல.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததையே திரும்பவும் கேட்கிறேன்: மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அலுமாரிகளில் இப்போது இருக்கும் சான்றிதழ்களை அடுத்த சம்பள நாளிலேயே உரியவர்களின் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவை பிரதி என்றால் எடுத்து வையுங்கள், யாரும் தடுக்கவில்லை. விலகுகிறவருக்கு, அவர் எந்தப் பதவியில் எவ்வளவு காலம் என்ன வேலை செய்தார் என்று நாலு வரி சேவைக் கடிதம் கடைசி நாளிலேயே கிடைக்கட்டும். கையொப்பமிட ஒரு முகாமையாளர் லீவு என்றால் இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்து வையுங்கள். நியமனக் கடிதத்தையும் தயவுசெய்து பையனுக்கு விளங்கும் மொழியில் கொடுங்கள். நான் சொன்ன தம்பியின் கடிதத்தில், ஆவணங்கள் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. அதன் அர்த்தத்தை அவன் தெரிந்துகொண்டது அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால்தான்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது, சங்கமோ வழக்கோ தேவையில்லை. உங்களில் யாராவது ஒருவர் நாளைக் காலை அந்த அலுமாரியைத் திறக்கச் சொன்னால் போதும். இது நடக்காவிட்டால், சான்றிதழ் கிடைக்காமல் என்னைத் தேடி வருகிற ஒவ்வொரு பையனையும் நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன். உங்களோடு முகம் முறித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
வாகனப் பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர்
தெமட்டகொடை, கொழும்பு 9