ஐந்தாம் யூனிட்டைத் திருப்பிக் கொடுங்கள்

பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புதிய ரெகுலேஷனுக்கான, அதாவது புதிய பாடத்திட்டத்துக்கான, வரைவு வந்து சேர்ந்தது. வெள்ளி மாலை அனுப்பிவிட்டு, திங்கள் காலைக்குள் கருத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் நன்றி. போன ரெகுலேஷனில் டிஓசி (கணிப்பியல் கோட்பாடு) பாடத்திலிருந்து பி, என்பி பற்றிய ஐந்தாம் யூனிட்டைத் தூக்கி எலெக்டிவில், அதாவது விருப்பப் பாடத்தில், போட்டீர்கள். பி என்பது கணினி விரைவாகத் தீர்க்கக்கூடிய கணக்குகள்; என்பி என்பது விடையைக் கொடுத்தால் சரியா என்று விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகள். இந்த முறை அந்த எலெக்டிவையே காணோம். அங்கே ஏதோ ஒரு மென்பொருள் டூலின் பெயர் இருக்கிறது. காரணமாக ஒரே ஒரு வரி: 'தியரி அதிகம், நடைமுறைப் பயன் குறைவு.'

அந்த வரிக்காகத்தான் இந்த மடல். ஐந்தாம் யூனிட் கட்டாயப் பாடமாகத் திரும்ப வர வேண்டும். ஒன்பது மணி நேரம், அவ்வளவுதான் கேட்கிறோம்.

போன செமஸ்டர் வைவாவில் நடந்ததைச் சொல்கிறேன். இறுதியாண்டு மாணவி ஒருவர் தேர்வு அட்டவணை போடும் புராஜெக்ட் செய்திருந்தார். யாருக்கும் ஒரே வேளையில் இரண்டு பேப்பர் விழக்கூடாது, மொத்த வேளைகளும் முடிந்தவரை குறைய வேண்டும். அரியரே இல்லாத கல்லூரியாக இருந்தால் இதில் ஒன்றுமில்லை. மூன்றாம் செமஸ்டர் பேப்பரையும் ஐந்தாம் செமஸ்டர் பேப்பரையும் ஒரே காலையில் வைத்துவிடலாம். அரியர் வைத்திருக்கும் பிள்ளைகள்தான் எல்லா செமஸ்டரையும் ஒன்றோடொன்று பின்னிவிடுகிறார்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு புள்ளி. இரண்டு பேப்பரையும் எழுதவேண்டியவர் ஒருவராவது இருந்தால் நடுவே ஒரு கோடு. கோடு சேர்க்கும் புள்ளிகளுக்கு வேறு வேறு நிறம் தீட்ட வேண்டும், குறைந்த நிறங்களில். இதுதான் கணக்கு.

எல்லா வழிகளையும் முயன்று பார்க்கும் அவருடைய புரோகிராம் ஏழெட்டுப் பேப்பருக்கு உடனே விடை சொன்னது. 60 பேப்பரைக் கொடுத்ததும் லேப் பூட்டும் வரை ஓடிக்கொண்டே இருந்தது. ஓடத்தான் செய்யும். 60 பேப்பரைப் பத்து வேளைகளில் போட்டுப் பார்க்க 1-க்குப் பின்னால் 60 சைபர் போட்ட அளவுக்கு வழிகள் உண்டு. நொடிக்கு நூறு கோடி வழி பார்த்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. கடைசியில், அதிகக் கோடுகள் உள்ள பேப்பரை முதலில் வைத்துக்கொண்டு போகும் ஒரு முறையை எழுதி, மோதல் இல்லாத அட்டவணையைக் கொண்டுவந்தார். நல்ல வேலை.

வெளியிலிருந்து வந்த எக்சாமினர், "இதைவிடக் குறைவான வேளையில முடிக்க முடியாதா? ஏன் ஆப்டிமல் இல்லை?" என்றார். "இன்னும் நல்லா கோட் பண்ணியிருக்கணும் சார்" என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். ரிப்போர்ட்டில் 'நாட் ஆப்டிமல்' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே கோடு. பக்கத்தில் இருந்த நான், கணினி அறிஞர் ரிச்சர்ட் கார்ப் 1972-இல் வெளியிட்ட 21 கடினமான கணக்குகளின் பட்டியலிலேயே இது இருக்கிறது, எப்போதும் வேகமாக முடிக்கும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை என்றேன். "அது சிலபஸ்ல இல்லையே சார்" என்றார் எக்சாமினர். உண்மைதான், இல்லை. மார்க் குறைந்தது. உலகமே திணறும் இடத்தில் திணறியதைத் தன் மக்குத்தனம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் வெளியே போனார்.

நடைமுறைப் பயன் என்கிறீர்கள். இரண்டு வேளை போதுமா என்று கேட்டால் கணினி உடனே சொல்லிவிடும். மூன்று போதுமா என்றால் கதை மாறிவிடுகிறது. எளிதான கணக்குக்கும் கடினமான கணக்குக்கும் நடுவிலுள்ள இந்த எல்லை கணினித் துறையோடு நிற்பதில்லை. மனைவிக்குச் சிறுநீரகம் தரக் கணவர் தயார், ஆனால் பொருந்தவில்லை. இன்னொரு தம்பதிக்கும் அதே நிலை என்றால் மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம். 2011-இல் திருத்தப்பட்ட நம் நாட்டு உறுப்பு மாற்றுச் சட்டமே இதற்கு இடம் தருகிறது. இரண்டிரண்டு ஜோடியாக மட்டும் மாற்றுவதென்றால், அதிகம் பேருக்குக் கிடைக்கும் வழியை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-இல் தந்த முறையால் விரைவாகக் கண்டுபிடிக்கலாம். மூன்று ஜோடிகள் சுற்றாக மாற்றலாம் என்று விட்டால் இன்னும் பலருக்குக் கிடைக்கும், ஆனால் கணக்கு என்பி-கடினம், அதாவது எப்போதும் விரைவாக முடிக்கும் வழி யாருக்கும் தெரியாத வகை. 2007-இல் ஆபிரகாம், பிளம், சாண்ட்ஹோம் மூவரும் இதை நிரூபித்ததோடு, 10,000 நோயாளிகள் அளவுக்கு ஈடுகொடுக்கும் ஒரு முறையையும் எழுதினார்கள். எங்கே கடினம் என்று தெரிந்தவர்களால்தான் அதைச் சுற்றிப் போக வழி தேட முடிந்தது. இயற்பியலிலும் இதே கதை: ஒரு பொருளுக்குள் இருக்கும் நுண்ணிய காந்தங்கள் (ஸ்பின்) மிகக் குறைந்த ஆற்றலில் எப்படி அமையும் என்ற கணக்கு தட்டையான வலையில் எளிது, முப்பரிமாணத்தில் என்பி-கடினம் என்று 1982-இல் பரகோனா காட்டினார். பொருளாதாரம், கணிதம் என்று பட்டியல் நீளும். ஒரு எண் பகா எண்ணா என்று விரைவாகச் சொல்லிவிடலாம் என 2002-இல் நிரூபித்த கான்பூர் ஐஐடி மூவரில் இருவர் அப்போதுதான் பி.டெக் முடித்தவர்கள். நம் பிள்ளைகளின் வயதுதான்.

பி-யும் என்பி-யும் ஒன்றா இல்லையா என்று சொல்பவருக்கு, கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து 10 லட்சம் டாலரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. நம் குழு ஒரே கூட்டத்தில் கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிட்டது. பரிசுக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு ரெகுலேஷனிலும் ஒரு புது டூல், அதை விற்கும் கம்பெனியே எங்களுக்கு நடத்தும் பயிற்சி, பிள்ளைகள் பட்டம் வாங்குவதற்குள் அந்த டூலுக்கே வேறு பெயர். எத்தனை முறைதான் பார்ப்பது?

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். டூலை எடுக்கச் சொல்லவில்லை. அது லேபில் செய்து பழக வேண்டியது, அங்கே வையுங்கள். வகுப்பில் மிச்சமாகும் ஒன்பது மணி நேரத்தை ஐந்தாம் யூனிட்டுக்குத் தாருங்கள். எலெக்டிவாக வேண்டாம், கட்டாயப் பாடமாக வேண்டும். நோட்ஸும் டூ மார்க் முதல் கேள்வி வங்கியும் எழுதித் தர நாங்கள் சிலர் தயார். படி எதுவும் கேட்க மாட்டோம். கல்விக் குழுக் கூட்டத்துக்கு முன் ஒரு பதில் போட்டால் போதும். அப்புறம், புராஜெக்ட் எக்சாமினர்களுக்கு அனுப்பும் குறிப்பிலும் தயவுசெய்து இதைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இணைப்புக் கல்லூரி ஒன்றின் கணினித் துறை ஆசிரியர்