பிணத்துக்கு வார்ம் அப்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் கீழே வரும். வீட்டில் எல்லோரும் நலம். என் தோள்வலி போய்விட்டது, இப்போது கையைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்க முடிகிறது. படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். ஏறும்போதும் வலிக்கிறதா? மறக்காமல் எழுது.

போன மாதம் எங்கள் ஜிம்மின் ஆண்டு விழாவில் ஒரு நாடகம் போட்டோம். நான்தான் எழுதினேன். செத்தவர்களுக்காக நடுராத்திரியில் திறக்கும் ஜிம், அதுதான் கதை. நம் விடுதி நாட்கள் நினைவிருக்கிறதா? முந்தின நாள் மாலை கால் பயிற்சி, ராத்திரி பேய்ப்படம், மறுநாள் காலையில் மாடிப்படியின் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினோம். "டேய், நேற்று படத்தில் வந்த பிணம் நம்மைவிட நன்றாக நடந்தது" என்று நீ சொன்னாய். இத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு வரியிலிருந்துதான் முழு நாடகமும் முளைத்தது.

எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், நாம் செய்யும் பயிற்சிகளின் பெயர்களே மயானத்திலிருந்து வந்தவை போல இருக்கின்றன. தரையில் கிடக்கும் பாரத்தைத் தூக்குவதற்கு டெட்லிஃப்ட். கம்பியைப் பிடித்துச் சும்மா தொங்குவதற்கு டெட் ஹேங். மல்லாந்து படுத்து நெற்றிக்கு நேராக இரும்பை இறக்கும் டிரைசெப்ஸ் பயிற்சிக்கு ஸ்கல் கிரஷர், அதாவது மண்டையை நொறுக்குவது. நடையும் அப்படித்தான். நான்கு மாதம் ஜிம்முக்குப் போனவன், அக்குளில் கட்டி வந்தவன் போல இரண்டு கையையும் அகட்டி வைத்து நடப்பான் பார், அதற்கும் பிணத்தின் நடைக்கும் வித்தியாசம் சொல்ல எங்கள் நடிகர்களுக்கே ஒரு வாரம் பிடித்தது.

ஒரே ஒரு நகைச்சுவையை மட்டும் நான் உள்ளே விடவில்லை. "பிணங்கள் மூளையைத் தேடி அலைகின்றன, ஆகவே ஜிம்முக்குள் வராது" என்ற பழைய கேலி. ஒத்திகையில் ஒருவன் அதைச் சேர்க்கச் சொன்னான், முடியாது என்று சொல்லிவிட்டேன். எந்தத் தசை எந்த எலும்பில் ஒட்டியிருக்கிறது, அது எந்தக் கோணத்தில் அதிகம் வேலை செய்யும், இன்று எத்தனை கிராம் புரதம் உள்ளே போனது என்று இருபது வயதில் விரல் நுனியில் வைத்திருப்பவனை மூளை இல்லாதவன் என்று சொல்வது அநியாயம். அதற்குப் பதிலாக மூளையை வேறு மாதிரி கொண்டுவந்தேன். பிணங்களுக்கு உணவு அட்டவணை எழுதித் தரும் மாஸ்டர் கடுகடுவென்று சொல்வார்: "இனிமேல் மூளை கிடையாது. நூறு கிராம் மூளையில் புரதம் சுமார் 10 கிராம்தான், மீதியில் கொழுப்பும் தண்ணீரும். கொலஸ்ட்ராலோ சொல்லி மாளாது. தொடைச் சதைக்கு மாறுங்கள், இரண்டு மடங்கு கிடைக்கும்." சிரித்து அடங்கக் கூட்டத்துக்கு நேரம் பிடித்தது. அந்தக் கணக்கு உண்மை என்பதால்தான் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்த பாதிப் பேர் மனசுக்குள் சரிபார்த்திருப்பார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இறந்த தேதிக்கும் ஒரு கட்டம். வார்ம் அப் செய்யச் சொன்னால் அரை மணி நேரம் குதித்தும் உடம்பு சூடாகாத பிணம். மணிக்கட்டிலும் முழங்காலிலும் பட்டை சுற்றிக்கொண்டு வந்தவனை, "எந்தப் பிரமிடிலிருந்து வருகிறாய்?" என்று பாசத்தோடு கட்டிக்கொள்ளும் மம்மி. இவையெல்லாம் சின்னச் சின்னத் துணுக்குகள். எனக்கு மிகவும் பிடித்தது வேதாளம்தான். முருங்கை மரத்தை விட்டுவிட்டு புல் அப் கம்பிக்கு வந்து தலைகீழாகத் தொங்குகிறது, இறங்கு என்றால் இறங்காது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கிறான். இறக்கிய இடத்திலிருந்து மறுபடி ஓடிப்போய்த் தொங்கினால் மறுபடி தூக்குகிறான். பிணத்தை இத்தனை தடவை தூக்கியவன் வேறு யார்? டெட்லிஃப்டுக்கு மூத்தவன் அவன்தான். அப்புறம், செட் நடக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று மாஸ்டர் நம்மைத் திட்டுவாரே, அந்த விதியும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. பேசினால் பாரம் மரத்துக்குத் திரும்பிவிடும்.

பிணத்தை விறைப்பாக நடக்கவைக்க என்ன காரணம் சொல்லலாம் என்று தேடப்போய் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டேன், உனக்கும் சொல்ல வேண்டும். தசை சுருங்குவதற்குச் சக்தி வேண்டும் என்று நமக்குத் தெரியும். பிடியை விடுவதற்கும் அதே சக்தி வேண்டும். தசைக்குள் மயோசின் என்ற இழை ஆக்டின் என்ற இழையைப் பிடித்து இழுக்கிறது. பிடித்த பிடியிலிருந்து கழன்றுகொள்ள, அந்தச் சக்தியைச் சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு வந்து சேர வேண்டும். மூச்சு நின்றதும் ஏடிபி கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகிறது, பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிடுகிறது. இறந்து சில மணி நேரத்தில் உடம்பு விறைப்பது இதனால்தான். பிறகு அது தளர்வது ஓய்வினால் இல்லை, இழைகளே சிதையத் தொடங்குவதால். உயிருள்ள தசைக்குத்தான் இறுகவும் தெரியும், இளகவும் தெரியும். நம் மாஸ்டர் ஒவ்வொரு ரெப்பிலும் "மெதுவாக இறக்கு, மெதுவாக இறக்கு" என்று கத்தியது இப்போது வேறு மாதிரி காதில் விழுகிறது.

நாடகத்தில் ஓர் இடத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது. "ஓய்வெடுத்தால்தான் சதை வளரும்" என்கிறார் மாஸ்டர். "நூறு வருஷம் ஓய்வில்தானே இருந்தேன், ஏன் வளரவில்லை?" என்கிறது பிணம். அதுவரை ஒரே சிரிப்பு. அடுத்து, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி செய்யும் உயிருள்ள இளைஞன் ஒருவன் வருகிறான். நம் வயதில் எல்லோரும் சொன்ன அதே வசனம்: "செத்தபிறகு தூங்கிக்கொள்ளலாம்." அவன் தோளில் கை வைத்துப் பிணம் சொல்கிறது: "தம்பி, நானும் அப்படித்தான் நினைத்தேன். பார், இன்னும் தூக்கம் வரவில்லை." ஜாம்பி, அதாவது எழுந்து நடமாடும் பிணம் என்ற நம்பிக்கை ஹெய்தி நாட்டில் அடிமைத் தோட்டங்களின் நினைவோடு வளர்ந்தது. அங்கே ஜனங்கள் பயந்தது பிணம் வந்து கடிக்கும் என்பதற்கு இல்லை. செத்தபிறகும் யாரோ எழுப்பி வேலை வாங்குவார்கள், சாவிலும் ஓய்வு கிடைக்காது என்ற பயம் அது. நாலரை மணி அலாரத்துக்கு எழுந்து, காய்ச்சலோடும் வந்து பார்பெல்லைப் பிடிக்கிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வருகிறது.

இன்னொன்று ரத்தக்காட்டேரி. கண்ணாடியில் அதற்கு உருவம் தெரியாது. நான்கு பக்கமும் கண்ணாடி பதித்த ஜிம்மில் நின்றுகொண்டு, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் "என் பைசெப்ஸ் எப்படி இருக்கிறது?" என்று கெஞ்சுகிறது. அதன் பக்கத்தில், தேர் மாதிரி உடம்பு வைத்திருக்கும் ஒருவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்து "நான் ஒல்லிக்குச்சி, நான் ஒல்லிக்குச்சி" என்று அழுகிறான். இதைக் கற்பனையாக எழுதவில்லை. ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1997-ல் இதற்கு மசில் டிஸ்மார்ஃபியா என்று பெயர் வைத்தார்கள். கண்ணாடியில் ஒன்றும் தெரியாத காட்டேரி, எல்லாம் தெரிந்தும் இல்லாததையே பார்க்கிறவனுக்கு ஆறுதல் சொல்கிறது. அந்தக் காட்சியை நான் ஆறு தடவை திருத்தினேன்.

இனி, இந்த நாடகத்தை எழுதியதற்கான உண்மைக் காரணம். எங்கள் ஜிம்மில் ஒரு தம்பி இருக்கிறான், வயது 23. ஆணழகன் போட்டிக்காகப் பதினாறு வாரம் தயாரானான். கடைசி வாரத்தில் வெளியிலிருந்து ஒருவர் அவனுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார். தண்ணீரைக் குறை, பிறகு நிறுத்து, சிறுநீரை வெளியேற்ற இந்த மாத்திரையைப் போடு. எங்களிடம் அவன் சொல்லவில்லை. போட்டியன்று மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பழைய பரணிப் புலவர்கள் பாடிய பசித்த பேய்கள் கண்முன் வந்தன: ஒட்டிய வயிறு, குழிந்த கண், உடம்பெல்லாம் நரம்பு. உதடு வெடித்து, பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் சொன்னார்கள்: "டேய், இன்றைக்குத்தான் உன் உடம்பு உச்சத்தில் இருக்கிறது." மேடையில் முதுகுத் தசையை விரித்துக் காட்டும்போது தொடை பிடித்துக்கொண்டது. சிரித்தபடியே முடித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் வந்து விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். இரவு முழுக்க நான் பக்கத்தில் இருந்தேன். மேடைக்காகப் பூசிய பழுப்புச் சாயத்தைக் கழுவ நேரம் இல்லை. காலையில் அவனை எழுப்பி உட்காரவைத்தபோது வெள்ளை விரிப்பில் ஒரு முழு மனித உருவம் பழுப்பாகப் பதிந்திருந்தது. தோள் அகலம், இடுப்புக் குறுக்கம், கை விரல்கள், எல்லாம் அச்சு மாதிரி. அவன் திரும்பி அதைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நமக்குத் தெரிந்த ஆணழகர்களின் பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. முகமது பெனாஸிஸா 1992-ல் ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தபோது வயது 33. ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996-ல் இறந்தபோது வயது 31. அவர்கள் படங்களை நாம் விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். இத்தனைக்கும், தண்ணீரை நிறுத்துவதால் சதைக்கே நஷ்டம். தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதில் சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. வற்றவைத்தால் தோல் மட்டுமா ஒட்டும், தசையும் சேர்ந்து வற்றும். பொட்டாசியம் குலைந்தால் இதயத்தின் துடிப்பும் சேர்ந்து குலையும்.

இந்தத் துக்கத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தகவல் கிடைத்தது, உனக்கு நிச்சயம் பிடிக்கும். உடற்கட்டுக் கலையின் முன்னோடி யூஜின் சாண்டோ 1901 செப்டம்பர் 14-ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெரிய உடலழகுப் போட்டி நடத்தினார் இல்லையா, அதில் அவரோடு நடுவராக உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஆர்தர் கோனன் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸை எழுதியவர். அதே டாயில் 1892-ல், ஒரு கல்லூரி மாணவன் எகிப்திய மம்மிக்கு உயிர்கொடுத்து ஆட்களைத் துரத்தவிடும் கதையை எழுதியிருக்கிறார். எழுந்து நடக்கும் பிணத்தைக் கதையில் வரைந்தவர்தான் பிறகு உயிருள்ள உடம்புகளுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தார். அந்தப் போட்டியில் தசையின் அளவு மட்டும் கணக்கில் இல்லை. உடம்பின் சமச்சீர், பொதுவான ஆரோக்கியம், தோலின் நிலை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். ஆரோக்கியத்துக்கு மதிப்பெண்! அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாம் எங்கே வழி தவறினோம் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

அவனிடம் அறிவுரையாகச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு கேட்பான், அவ்வளவுதான். அதனால் நாடகத்தில் நடிக்கிறாயா என்று கேட்டேன். பிண வேஷம் தனக்குத்தான் வேண்டும் என்று அவனே வாங்கிக்கொண்டான். கடைசிக் காட்சியில் பிணங்களுக்கு ஆணழகன் போட்டி. நடுவராக ஒரு எலும்புக்கூடு வந்து இவனைத் தடவிப் பார்த்து, "ஒரு சொட்டு ஈரம் இல்லை, ஒரு துளி கொழுப்பு இல்லை, நாடித்துடிப்பு இல்லை, முதல் பரிசு!" என்று அறிவிக்கிறது. பரிசாக என்ன வேண்டும் என்று கேட்க, இவன் "தண்ணீர்" என்கிறான். ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கி மேடையில் நின்றபடியே குடிக்கிறான். எழுத்தில் அது ஒரே வரி. அன்று அவன் நிறுத்தாமல் முழு பாட்டிலையும் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவது பின்வரிசை வரைக்கும் தெரிந்தது. முகத்தில் பூசியிருந்த சாம்பல் நிறம் தண்ணீர் வழிந்த இடத்தில் கரைந்து, தாடையில் அவனுடைய சொந்தத் தோல் தெரிந்தது. முதலில் கை தட்டியது அவன் அம்மா.

அடுத்த போட்டியைப் பற்றி அவன் இன்னும் முடிவு எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் வருகிறான், தண்ணீர் பாட்டிலை ராக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் முதல் செட் ஆரம்பிக்கிறான்.

நாடகப் பிரதியை இதோடு அனுப்புகிறேன். காட்டேரியின் வசனம் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை, நீ கை வைத்தால் சரியாக வரும். அந்தப் படிக்கட்டு வரியைப் பிணத்தின் வாயில் அப்படியே வைத்திருக்கிறேன், நீ சொன்னது சொன்னபடி. முழங்காலைப் பற்றி எழுது: ஏறும்போதும் வலிக்கிறதா, இறங்கும்போது மட்டுமா?

அன்புடன்,
உன் பழைய ஜிம் கூட்டாளி