மைல் மீட்டர்

பர்மிங்காம்,
ஞாயிறு மதியம்

மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியது நியாயம்தான். தினமும் காலையில் பூப்படம் அனுப்பினால் அது கடிதமாகிவிடுமா என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் பதிலில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. வத்தலு ரிட்டையர் ஆகிவிட்டானாமே? இனி அவன் யாரிடம் சில்லறை பாக்கி வைப்பான்?

போன வாரம் நீ அனுப்பிய படம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. குட்டி யானையின் முதுகில் அப்பாவின் புல்லட். கீழே, "பையன் கோயம்புத்தூரில் ஒரு பட்டறை பிடிச்சிருக்கான், ஃபுல் ரெஸ்டோரேஷன், ஷோரூம் கண்டிஷன்ல வரும்" என்று ஒரு வரி. அவனிடம் உடனே சொல்: உப்புத்தாளைக் கீழே வைக்கட்டும். நான் பொங்கலுக்கு வருகிறேன். அதுவரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். இவன் யார் எனக்குச் சொல்ல என்று முறைப்பான். முறைக்கட்டும். ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நான் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். ஆமாம், இந்த வயதில்தான். பி31, 348 சி.சி., 1952ஆம் வருடத்து வண்டி. மூன்று தெரு தள்ளி ஒரு பாட்டியம்மா வீட்டு கராஜில் இருந்தது. அவர் கணவர் லாங்பிரிட்ஜ் கார் பாக்டரியில் செகண்ட் ஷிப்டுக்கு இதில்தான் போய்வந்தாராம். விலை பேசி முடித்ததும் அந்தம்மா உள்ளே போய் நசுங்கிய தகரத் தட்டு ஒன்றை எடுத்து வந்து, "இதையும் கொண்டுபோங்கள், வண்டியோடு சேர்ந்தது" என்றார். என்னவென்று பார்த்தால் எண்ணெய் சொட்டுகிற இடத்தில் வைக்கிற தட்டு! எண்ணெய் சொட்டவில்லை என்றால் வண்டியில் எண்ணெய் இல்லை என்று அர்த்தம், இது இங்கே எல்லோரும் சொல்லும் பழைய ஜோக். தட்டையே சீதனமாகப் பெற்றவன் நான் ஒருத்தன்தான்.

ஸ்மால் ஹீத்தில் பி.எஸ்.ஏ. பாக்டரி இருந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். துப்பாக்கி செய்வதில் தொடங்கிய கம்பெனி, அதனால்தான் டேங்க் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கின்றன. 1940 நவம்பரில் ஜெர்மன்காரன் குண்டு போட்டு ஒரே இரவில் 53 தொழிலாளர்கள் செத்துப்போன இடம். எழுபதுகளில் கம்பெனியே போய்விட்டது. ஆர்மரி ரோடு என்ற தெருப்பெயர் மட்டும் பாக்கி.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே இரண்டு கட்சிக்காரர்கள் ஆலோசனையோடு வந்துவிட்டார்கள். ஒரு கட்சி, "மொத்தமாகப் பிரி, பெயிண்டை உரி, எல்லாவற்றுக்கும் குரோம் அடி." இன்னொரு கட்சி, "தூசியைக்கூடத் தட்டாதே, அதுதான் சரித்திரம்." இரண்டாம் கட்சிக்காரர் ஒருவர் பிரேக் லைனிங்கைக்கூட மாற்றாதே என்கிறார், மாப்ளே! அது சரித்திரத்தில் இடம் பிடிக்கத்தான் உதவும், சிக்னலில் நிற்க உதவாது.

நானும் முதலில் குரோம் கட்சிதான். ரிம்மில் வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தது. யாரோ காசு மிச்சம் பிடித்திருக்கிறான் என்று நினைத்து, குரோம் போட ஆளைக்கூடப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் கிளப்பில் ஒரு கிழவர் காதைப் பிடித்துத் திருகாத குறையாகச் சொன்னார்: கொரியப் போர் நேரத்தில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு. நிக்கல் இல்லாமல் குரோம் பிடிக்காது. அதனால் 1952 வாக்கில் பாக்டரியிலேயே குரோமை விட்டுவிட்டு பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். நான் பளபளவென்று மின்ன வைத்திருந்தால், அந்த வண்டி பிறந்த வருடத்தையே அழித்திருப்பேன்.

இன்னொரு கூத்து. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் ஒரிஜினல் என்று நம்ம ஊரில் சத்தியம் செய்வார்களே, அந்தக் காலத்து பி.எஸ்.ஏ.வில் இரண்டும் பாக்டரியிலேயே வேறு வேறு. ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எந்த எஞ்சின் எந்த சேசிஸில் ஏறி எந்தத் தேதியில் எந்த டீலருக்குப் போனது என்று பாக்டரி பேரேடு இருக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் எழுதிக் கேட்டால் பார்த்துச் சொல்கிறார்கள்.

கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான். உயிர் சம்பந்தப்பட்டதெல்லாம் புதுசு: டயர், டியூப், பிரேக் லைனிங், கேபிள்கள், வயரிங், வீல் பேரிங். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பழசு. மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் அழுக்கை மட்டும் எடுத்தேன். துரு பரவாமல் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். டேங்கின் இரண்டு பக்கமும் முழங்கால் அணைக்க ரப்பர் இருக்கும். அதில் இடது பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, வலது பக்கத்தில் வரிகள் அப்படியே இருக்கின்றன. மனிதருக்கு வலது முழங்கால் மடங்காது போல. புது ஜோடி பன்னிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கிறது. வாங்கவில்லை.

என்னை அதிகம் படுத்தியது ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டோ. காலையில் ஒரே உதையில் எடுக்கும். இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் செத்துவிடும். ஆறினால் மறுபடி உயிர் வரும். கார்பரேட்டரைச் சந்தேகப்பட்டு மூன்று முறை கழற்றினேன். நோய் மேக்னெட்டோ சுருளுக்குள்ளே இருக்கிற கண்டென்சரில். சூட்டில் அதன் மின்கசிவு கூடி ஸ்பார்க் நின்றுவிடுகிறது. சுருள் சுற்றுகிற ஒரு ஆளிடம் கொடுத்து உள்ளே புதுக் கண்டென்சர் வைத்தாயிற்று. வெளியே அதே லூகாஸ் கம்பெனி எழுத்து, அதே கீறல். ராத்திரி நின்றால் எண்ணெய் டேங்கில் இருப்பது எஞ்சின் அடிவயிற்றுக்கு இறங்கிவிடும் என்று குழாயில் மூடித் திறக்கிற ஒரு டேப் வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். அதைத் திறக்க ஒருநாள் மறந்தால் எஞ்சின் காலி. என் மறதி உனக்குத் தெரியும். வால்வு குண்டை அதன் இருக்கையில் சரியாக உட்கார வைத்தேன், இப்போது தட்டில் விழுவது நாளைக்கு நாலு சொட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இந்த பி.எஸ்.ஏ.வில் ஸ்பீடோமீட்டர் இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. என்னிடம் ஒன்று இருந்தது, மாப்ளே. ஸ்மித்ஸ் கம்பெனியுடையது, எண்பது மைல் வரை போட்டது. அப்பாவுடையது.

1987 கோடை லீவு. நீயும் நானும் அப்பாவுக்குத் தெரியாமல் "ஆச்சரியம்" கொடுக்கிறோம் என்று இங்கிலாந்தில் ரெட்டிச் பாக்டரியில் செய்த அந்த 1954 புல்லட்டைப் பிரித்தோமே, நினைவிருக்கிறதா? திருவொற்றியூரில் புல்லட் போடத் தொடங்குவதற்கு முன்பே கப்பலில் வந்த வண்டி. அமால் கார்பரேட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு மைக்கார்ப் போட்டோம். கறுப்பை உரித்துத் தக்காளிச் சிவப்பு அடித்தோம். மைல் யாருக்கு வேணும் என்று கிலோமீட்டர் மீட்டர் வைத்தோம். பழசையெல்லாம் காயலான் கடையில் எடைக்குப் போட்டுப் பரோட்டா சாப்பிட்டோம். அப்பா வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கேட்டது ஒன்றே ஒன்று. "மைல் மீட்டர் எங்கடா?" நீ என்னைப் பார்த்தாய். "உடைஞ்சு போச்சுப்பா, எடைக்குப் போட்டுட்டோம்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உடையவில்லை. என் டிரங்குப் பெட்டியில் லுங்கிக்குள் சுற்றி வைத்திருந்தேன். உனக்கும் அதே பொய்தான். அந்த மீட்டரில் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, கடிகாரம் மாதிரி டக் டக்கென்று குதித்துக் குதித்து ஏறும். அதில் எனக்கு ஒரு பைத்தியம், அவ்வளவுதான். நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நாளை போய் வருடமானது. அப்புறம் எந்த முகத்தோடு கொடுப்பது? அப்பா பிறகு மேலூர் கால்வாய் பார்க்க பஸ்ஸில்தான் போனார். வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நீ சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

அதை எடுத்து போன மாதம் இந்த வண்டியில் மாட்டினேன். அச்சாகப் பொருந்தியது. பெட்ரோல் டேப்பைத் திறந்து, கார்பரேட்டர் குமிழை அமுக்கி, பெட்ரோல் விரலில் வழிந்ததும் விட்டு, இக்னிஷன் லீவரைப் பின்னுக்குத் தள்ளி (தள்ளாமல் உதைத்து ஒருமுறை கணுக்கால் வீங்கியது தனிக்கதை), வால்வைத் தூக்கிப் பிஸ்டனை மேலேற்றி, ஒரு உதை. எடுத்துக்கொண்டது. வெறும் தெருவில் போனேன். முள் இருபது, முப்பது என்று குதித்தது. மீட்டரில் ஐம்பத்தைந்து, செல்போனில் நாற்பத்து மூன்று! அந்த மீட்டரின் பல்சக்கரக் கணக்கு என்ஃபீல்டுக்கு, பி.எஸ்.ஏ.வுக்கு இல்லை. சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. திரும்பி வந்து கழற்றிவிட்டேன். பி.எஸ்.ஏ.வில் இப்போது ஓட்டைதான்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தக்காளிச் சிவப்பை உரிக்க வேண்டாம். அதன் அடியில் கறுப்பு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். சீட்டுக்கு அடியில், டேங்க்கின் அடிப்பக்கம் பார்க்கச் சொல். நாம் உப்புத்தாள் போட்ட லட்சணம் எனக்குத் தெரியும், கை எட்டாத இடமெல்லாம் தப்பித்திருக்கும். ஹெட்லைட் கூட்டில் இரண்டு பக்கமும் புலிக்கண் என்கிற குட்டி விளக்கு இருக்கிறதா என்று பார், அதை மாற்றினோமா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. இப்போது பங்கில் வருகிற இருபது சதவீத எத்தனால் பெட்ரோலைப் பழைய ரப்பர் குழாயில் ஊற்றி வைக்காதே, டேங்கைக் காலி செய். பையன் ஆர்.சி.யைப் பத்திரமாக வைக்கட்டும். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் விதி வந்தது, பழைய மெட்ராஸ் நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உருவத்தை மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படிப் பதிந்தால் தினப்படி ஓட்ட முடியாது என்பதையும் அவனிடம் சொல்லிவிடு, கல்லூரிக்கு ஓட்டுகிற கனவிலிருந்தால் இப்போதே கலையட்டும்.

கோபமென்றால் போனில் திட்டு, ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல். வீட்டில் அவளுக்கு இன்னும் தெரியாது. பரோட்டா காசில் உன் பங்கையும் நான்தான் கொடுத்தேன், அதையும் கணக்கில் வை.

மீட்டரைக் கைப்பையில்தான் கொண்டுவருவேன். 1987இல் 38,417 மைலில் நின்றிருந்தது. இப்போது 38,426. அந்த ஒன்பது என்னுடையது.

உன்,
ஸ்பானர்