பதினைந்தாவது ஆடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லலாம், நிஜத்தில் சோம்பல்தான். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இங்கே களக்காட்டிலும் மலைமேல் மேகம் இறங்கி நிற்கிறது.

நம் கோயில் மண்டபத்தில் திருப்பணி என்று தரை முழுக்க வழுவழுவென்று கல் பதித்துவிட்டார்கள். தெற்குத் தூணடியில் செதுக்கியிருந்த ஆடுபுலி ஆட்டக் கட்டம் அடியில் போய்விட்டது. கேட்டதற்கு, "சாமிக்கு அது எதுக்குவே?" என்றார் ஒருவர். சாமிக்கு வேண்டாம், சரி.

பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். செஸ் தெரியும் என்று கொஞ்சம் கர்வம். தார்சாத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். மொத்தம் 23 புள்ளி. புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியமுத்து. "ரெண்டு பக்கமும் சமமா இல்லையே தாத்தா" என்றவள், புலியைத்தான் எடுத்துக்கொண்டாள்.

நானும் புலி இல்லாமல் உட்கார மாட்டேனே. 1988இல் களக்காடு முண்டந்துறையைப் புலிகள் காப்பகம் ஆக்கியபோது, "ஒங் கட்சிக்கு இனி சர்க்கார் காவல்லா" என்று கேலி செய்தாய்.

இந்த முறை நான் ஆடு. நீ அந்தக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. 15ஐயும் இறக்கி முடிக்கும்வரை ஒரு ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி மட்டும் திரியும். அதனால் எங்கே இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம். நீ முதலில் மூலைகளைப் பிடிப்பாய். மூலையில் நிற்கும் ஆட்டைப் புலி தாண்டிக் குதித்து வெட்ட அந்தப் பக்கம் புள்ளி கிடையாதே. அப்புறம் ஒன்றின் முதுகில் ஒன்றாக, நேர்கோட்டில் காலியிடம் விடாமல் அடுக்குவாய். நடுவே ஒன்றை வேண்டுமென்றே காவு கொடுப்பாய். வெட்டிய சந்தோஷத்தில் குதித்த என் புலி, போன இடத்திலேயே நகர வழியில்லாமல் கட்டுண்டு கிடக்கும். நானோ அடுத்த புலியை உருட்டிக்கொண்டிருப்பேன்.

முதல் ஆட்டத்தில் பேத்தி 6 ஆட்டை வெட்டினாள். நாலாவதில் மூன்று புலியையும் கட்டினேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் பேத்தி இல்லையா!

ஒன்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு லீவில் ஒரு வாரம் வரிசையாகத் தோற்றாயே, அப்போது உன் புளியமுத்தில் ஒன்றை நான் மடியில் முடிந்து வைத்திருந்தேன். 14 ஆட்டை வைத்துக்கொண்டு புலி கட்டப் பார்த்திருக்கிறாய். எண்ணாமல் விட்டாயா, எண்ணியும் பேசாமல் இருந்தாயா என்று இத்தனை வருஷமாக ஒரு சந்தேகம்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் வருவாய் அல்லவா? அப்படியே இங்கே இரண்டு நாள் தங்கிப் போ. புளியமுத்தை எண்ணி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வந்ததும் நீயும் ஒருமுறை எண்ணிக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்