காது கொடுத்துக் கேட்கவும் பயிற்சி வேண்டும்

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளியில் பத்து வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தேர்வு தொடங்கிக் கால்மணி நேரம் ஆவதற்குள் எழுந்து, "மிஸ், வெளிய போயிட்டு வரட்டுமா?" என்பாள். உள்ளங்கை வியர்வையில் விடைத்தாளின் மை கலங்கியிருக்கும். சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் வகுப்பே கேட்கும்படி, "ஒழுங்கா படிச்சிருந்தா ஏன் கை நடுங்குது?" என்று கேட்டுவிட்டேன். பேனாவை மூடி வைத்தவள் மணி அடிக்கும்வரை திறக்கவில்லை. அப்புறம் தேர்வு நாளில் பள்ளிக்கே வருவதில்லை. தேர்வுக்கு முந்தின ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடக்கிறது என்று அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதை, அவள் அம்மா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

உளவியல் படிக்காமல் நான் வேலைக்கு வரவில்லை. பியாஜே, எரிக்சன், கோல்பர்க் என்று குழந்தை வளர்ச்சி பற்றி எழுதிய உளவியலாளர்களின் கோட்பாடுகள் எல்லாம் மனப்பாடம். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 30 மதிப்பெண் குழந்தை வளர்ச்சிக்கே. ஆனால் கை நடுங்கும் பிள்ளையிடம் முதலில் என்ன பேசுவது, எதைப் பேசக்கூடாது என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 81 சதவீத மாணவர்கள் தங்கள் பதற்றத்துக்குக் காரணம் படிப்பும் தேர்வும் ரிசல்ட்டும்தான் என்றார்கள். அந்தத் தேர்வு அறையில் நிற்பது நாங்கள்தானே!

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரண வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. கல்வி நிறுவன ஊழியர் எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது மனநல முதலுதவிப் பயிற்சி தரவேண்டும் என்பது அதில் ஒன்று. நல்லது. அந்தப் பழக்கம் பி.எட்.டிலேயே தொடங்கட்டும் என்று கேட்கிறேன்.

தயவுசெய்து இன்னொரு தியரி தாளாக வைத்துவிடாதீர்கள். அதையும் நெட்டுரு போட்டு எழுதிவிடுவோம். நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்) பயிற்சியில் வினா கேட்பதையும் கரும்பலகையில் எழுதுவதையும் ஐந்தைந்து நிமிடம் செய்துகாட்டி, குறை கேட்டு, திரும்பச் செய்கிறோமே, அதே முறையில் ஒரு பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பதையும் ஒரு திறனாகச் சேருங்கள். சக மாணவ ஆசிரியர் ஒருவர் அந்தப் பிள்ளையாக உட்காரட்டும். பள்ளியில் இருக்கும் 16 வாரப் பயிற்சியில், மாவட்ட மனநலத் திட்டத்தினரோடு ஒருநாளாவது செலவிட வையுங்கள். எந்த நிலையில் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது, எப்போது பெற்றோரைக் கூப்பிடுவது, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸை 14416-இல் எப்போது அழைப்பது என்பதெல்லாம் செய்து பழகியவருக்கே அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேருக்கு இடம் கொடுங்கள். அழைத்தால், விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியை