2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் இடைவேளைக் காவலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெற்றோருக்கும், சங்கத்தின் மூத்தோருக்கும் வணக்கம். இன்று வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் அனுப்பப்படும். அவர்கள் இதை முழுதாக வாசிக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கலன்று, ஜனவரி 15இல், நம் மொரீஷியஸில் பெலால் புயல் அடித்ததால் விழாவை அடுத்த ஞாயிறு எளிமையாக நடத்தினோம். 25ஆம் தேதி தைப்பூசக் காவடிக்கு வழக்கம்போல் மோர்ப் பந்தல் போட்டோம். வருடப் பிறப்பு, பேச்சுப் போட்டி, தீபாவளிப் பலகாரம் எல்லாம் குறைவின்றி நடந்தன. செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர் வராததால் தீர்மானம் எதுவும் எடுக்க முடியாமல் கலைந்தோம்.

இனி, பிள்ளைகள் ஒருவரையொருவர் நோகடிக்காமல் இருக்கப் பழக்குவதற்காகச் சனிக்கிழமை வகுப்பில் தொடங்கிய அன்புப் பாடத்தைப் பற்றி. "தமிழ் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் இது எதற்கு?" என்று சென்ற கூட்டத்தில் கேட்டவர்களுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தமிழ் வகுப்பை விட்டு நிற்பதற்குப் பாடம் கடினம் என்பது மட்டும் காரணம் இல்லை. வீட்டில் தமிழ் இல்லாமல், பிரெஞ்சிலிருந்து வந்த நம் நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளை எழுந்து வாசிக்கும்போது 'ழ' வராமல் தடுமாறினால், பின்வரிசை அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறது. மூன்று வாரம் இப்படி நடந்தால் நான்காம் வாரம் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். இப்போது எந்தப் பிள்ளையையும் முதலிலேயே தனியாக வாசிக்கச் சொல்வதில்லை. இருவர் இருவராக மெதுவாக இரண்டு முறை வாசித்த பிறகுதான் வகுப்புக்கு முன் வாசிப்பு. ஜோடியையும் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பதில்லை, வருகைப் பட்டியல் வரிசைப்படி ஆசிரியர் சேர்க்கிறார். "யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று விட்டால், யாருக்கும் வேண்டாத ஒரு பிள்ளை நடுவில் நிற்பதை வகுப்பு முழுக்கப் பார்க்கும்.

பள்ளிகளில் ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்றும் பிரெஞ்சில் 'ஆர்செல்மாங்' என்றும் சொல்வதை நம் வகுப்பில் 'வதை' என்கிறோம். இரண்டு பிள்ளைகள் பந்துக்காக அடித்துக்கொண்டால் அது சண்டை. வதை வேறு. நார்வேயில் 1983 முதல் பள்ளிகளில் இதற்கெனத் திட்டம் நடத்திய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: நோகடிக்கும் எண்ணம் இருக்கும், திரும்பத் திரும்ப நடக்கும், இருவருக்கும் பலம் சமமாக இருக்காது. வயதும் உடம்பும் மட்டும் பலம் இல்லை. கூடச் சிரிக்க நாலு பேர் இருப்பதும் பலம்தான். "மோ தி பே பதினே", விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்று ஒரு பிள்ளை கிரியோலில் சொன்னால், இருவரும் சிரித்தார்களா என்று பாருங்கள்.

சண்டைக்கும் வதைக்கும் மருந்து ஒன்றில்லை. சண்டை போட்டவர்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி முடிக்கலாம். வதையில் அப்படிச் செய்யக் கூடாது. முதல் தவணையில் நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். இருவரையும் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கவைத்து, கைகுலுக்கச் சொன்னோம். அடிவாங்கிய பிள்ளை பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டும், வெளியே போனதும் "மாட்டிவிட்டாயா?" என்று இரண்டு மடங்கு வாங்கும். இப்போது தனித்தனியாகத்தான் பேசுகிறோம். முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளை, பிறகு பார்த்தவர்கள், கடைசியில் செய்தவர்கள் ஒவ்வொருவராக. யார் சொன்னது என்பதை யாரிடமும் சொல்வதில்லை. பதிவேட்டில் தேதி, இடம், சொன்ன சொற்கள் அப்படியே, நாம் என்ன செய்தோம் என்பது எழுதப்படுகிறது. அடுத்த சனிக்கிழமையும் அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பிள்ளையிடம் மறுபடி கேட்க வேண்டும். "இப்போது பிரச்சினை இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இடைவேளையில் எங்கே நின்றாய்? யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டால் உண்மை வரும்.

இடைவேளைக்குப் பிறகு 20 நிமிடம் அன்புப் பாடம். 1 முதல் 3ஆம் வகுப்பு ஒரு குழு, 4 முதல் 6ஆம் வகுப்பு இன்னொரு குழு.

முதலில் நல்ல சொல் பெட்டி வைத்தோம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதிப் போடலாம் என்றதில், எல்லோருக்கும் பிடித்த பிள்ளைகளுக்கே துண்டுத்தாள்கள் குவிந்தன, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. பெட்டி அந்த வேற்றுமையைக் குறைக்காமல் எண்ணிக் காட்டியது. நல்லது செய்தால் நட்சத்திரம் ஒட்டுவதும் பலிக்கவில்லை. ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் நல்லது நடந்தது. இரண்டையும் மாற்றினோம். ஒவ்வொரு பிள்ளையும் சீட்டுக் குலுக்கி ஒரு பெயரை எடுக்கும், யாரிடமும் சொல்லாது. அன்றைய வகுப்பு முழுவதும் அந்தப் பிள்ளையைக் கவனித்து, அது செய்த ஒரு செயலை எழுத வேண்டும். அழகு, உடை, மதிப்பெண் பற்றி எழுதக் கூடாது. 'நல்லவன்' என்று மட்டும் எழுதினால் தாள் திரும்பிப் போகும். தமிழ் குறைவான பிள்ளைகளுக்காக "நீ … செய்தாய். அதனால் …" என்று பாதி வாக்கியம் கரும்பலகையில் இருக்கும். ஆசிரியர் எல்லாவற்றையும் படித்த பிறகே தாள்கள் உரியவர் கைக்குப் போகும். மூன்றாம் தவணையில் வந்த ஒரு தாள்: "நீ எனக்கு ரப்பர் கொடுத்தாய். திரும்பக் கேட்கவில்லை. அதனால் நான் முடித்தேன்." மூன்று வாக்கியத்தில் மூன்று வினைமுற்றும் சரி. தமிழ் குறைகிறது என்று கவலைப்பட்டவர்கள் இதைப் பார்க்கலாம், தாள்கள் என்னிடம் உள்ளன.

வதையைத் தனியாக யாரும் செய்வதில்லை என்பது இரண்டாம் பாடம். ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியின் குழு கண்டதும், பள்ளிகளில் வதையைத் தடுக்கும் 'கிவா' திட்டம் எழுந்ததும் இந்த அடித்தளத்தில்தான். ஒருவன் செய்வான், ஒருவன் கைகொடுப்பான், சிலர் சிரிப்பார்கள், பலர் சும்மா நிற்பார்கள், ஒரு சிலரே தடுப்பார்கள். செய்பவனைத் திருத்த நாளாகும். சும்மா நிற்பவர்களுக்கு அடுத்த வாரத்துக்குள் ஏதாவது கற்றுக்கொடுக்கலாம். நாம் பழக்குவது நான்கு செயல்கள்: சிரிக்காதே, பக்கத்தில் போய் நில், "வா, தண்ணி குடிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போ, பெரியவரிடம் சொல். பயப்படும் பிள்ளையாலும் முதலாவதைச் செய்ய முடியும். நடித்துப் பழகும்போது வதை செய்பவர் வேடத்தைப் பிள்ளைகளுக்குத் தரக் கூடாது. அந்த வேடத்துக்குத்தான் கைதட்டல் விழும். அதை ஆசிரியர் செய்வார், அல்லது அட்டையில் வரைந்த ஒரு முகம் செய்யும். பிள்ளைகள் நடிப்பது பார்ப்பவர் பங்கை மட்டும், ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம்.

"கோள் சொல்லாதே" என்று நாமே பிள்ளைகளை அடக்குகிறோம். அதற்கு ஒரு வரி வைத்திருக்கிறோம்: ஒருவரை மாட்டிவிடச் சொன்னால் கோள், ஒருவரைக் காப்பாற்றச் சொன்னால் உதவி. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது புரிகிறது. வீட்டிலும் இதையே சொல்லுங்கள். "திருப்பி அடி" என்று அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பலம் குறைந்ததால்தான் அந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள், திருப்பி அடித்தால் அதிகமாக வாங்கும், பழியும் அதன் மேல் விழும். அதேபோல், நம் விழாக்களில் பெரியவர்கள் செல்லமாகக் 'கறுப்பி' என்றும் 'குண்டா' என்றும் கூப்பிடும் பெயர்களைத்தான் இடைவேளையில் பிள்ளைகள் திரும்பச் சொல்கிறார்கள். இதை எழுதாமல் விட என்னால் முடியாது. காதைத் திருகும் பழக்கமும் போக வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நம் நாட்டுக் குழந்தைகள் சட்டம் உடல் தண்டனையையும் அவமானப்படுத்தும் தண்டனையையும் தடை செய்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் அழைக்க வேண்டிய குழந்தைகள் பாதுகாப்பு எண் 113 கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.

பள்ளிகளில் வன்முறைக்கும் வதைக்கும் எதிரான யுனெஸ்கோ நாள் நவம்பர் முதல் வியாழன். அதையொட்டிய பாடத்தை 2ஆம் தேதி வைக்க முடியவில்லை, பொது விடுமுறை. 9ஆம் தேதி தேர்தலுக்கு முந்தைய நாள். 16ஆம் தேதி வைத்தோம். வளாகத்தின் வரைபடத்தை நகலெடுத்து ஆளுக்கு ஒரு தாள், ஒரு சிவப்புப் பென்சில், ஒரு பச்சைப் பென்சில் கொடுத்தோம். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி, பிடித்த இடத்தில் பச்சைப் புள்ளி. பெயர் எழுதக் கூடாது, பேசக் கூடாது, ஐந்து நிமிடம். தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வகுப்பறையில் சிவப்பு இல்லை. கழிப்பறைக்குப் போகும் நடையிலும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும், 12 மணிக்குக் காருக்காகக் காத்து நிற்கும் வாசலிலும் சிவப்பு அப்பிக் கிடந்தது. மூன்று இடத்திலும் அந்த நேரத்தில் பெரியவர் யாரும் இருப்பதில்லை. பெரியவர்கள் தேநீர் மேசையருகே இருக்கிறார்கள். அங்கே பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

ஆகவே இடைவேளைக் காவல் என்று ஒரு பட்டியல் போட்டோம். வாரத்துக்கு இருவர், இடைவேளையில் 15 நிமிடம், வகுப்பு முடிந்ததும் 15 நிமிடம். ஒருவர் தொட்டிக்கும் நடைக்கும் இடையே, மற்றவர் விளையாடும் இடத்தில். 12 மணிக்கு இருவரும் வாசலில். நாற்காலியில் உட்காரக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும், கைபேசி பைக்குள். ஏதாவது நடந்தால் "இங்கே வா" என்று பாதிக்கப்பட்ட பிள்ளையைக் கூப்பிட்டால் போதும், விசாரணை வேண்டாம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் தங்கள் முறை வந்தபோது வரவில்லை. மூன்று சனிக்கிழமை ஆசிரியர்களே நின்றார்கள். அந்த மூன்று நாளும் அவர்கள் தேநீர் குடிக்கவில்லை.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. அன்புப் பாடத்துக்கான செலவு நகலெடுக்கும் கூலியும் பென்சிலும் மட்டுமே என்பதைக் கேள்வி கேட்டவர்கள் குறித்துக்கொள்ளலாம். சந்தா கட்டாதவர்கள் பட்டியல் நீளமானது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்கள் தவணையாகவும் கட்டலாம்.

தலைவர், பொருளாளர், இரு தமிழாசிரியர்கள், மோர் கலக்கிய பெண்கள், பந்தல் போட்ட இளைஞர்கள், கோவில் நிர்வாகத்தினர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. தங்கள் முறை தவறாமல் வந்து நின்றவர்களுக்கு என் தனி நன்றி.

வரும் ஆண்டில் 36 சனிக்கிழமை வகுப்பு இருக்கும். வாரம் இருவர் என்றால் 72 முறை. ஒரு குடும்பம் ஆண்டுக்கு இரண்டு முறை வந்தால் 36 குடும்பங்கள் போதும். நம் உறுப்பினர் பட்டியலில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறார்கள். சந்தா கட்ட முடியாதவர்கள் இதற்காவது வரட்டும், அதற்காக வருபவரிடம் நான் சந்தாப் பேச்சை எடுக்க மாட்டேன். 72 கட்டங்கள் போட்ட தாள் கதவருகே மேசையில் இருக்கிறது. முதல் சனிக்கிழமைக்கு ஒரு பெயர் எழுதியாகிவிட்டது. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறது, பேனா பக்கத்தில் கட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்