ஓலந்துக்குக் கொடுத்த வாக்கு: பின்லாந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையே பால்டிக் கடலில் உள்ள, பின்லாந்தின் தன்னாட்சிப் பகுதியான ஓலந்து தீவுகளின் தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகிறது. இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அந்தத் தீவுகள் உங்களோடு இருக்க விரும்பித் தங்கியவை அல்ல. 1917-இல் உங்களையும் ஆண்டுவந்த ரஷ்யப் பேரரசு சரிந்தபோது, ஸ்வீடிஷ் பேசும் அந்த மக்கள் ஸ்வீடனோடு சேரவே ஆசைப்பட்டார்கள். 7000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு ஸ்வீடன் மன்னருக்குப் போனது. 1920-இல் உங்கள் நாடாளுமன்றம் தன்னாட்சி கொடுத்தது, அவர்கள் ஏற்கவில்லை. இயக்கத்தை நடத்திய யூலியுஸ் சுண்ட்ப்ளூம், கார்ல் பியோர்க்மன் இருவரையும் தேசத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள்.

1921 ஜூனில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தீவுகளைப் பின்லாந்துக்கே என்று முடிவு செய்தது. சும்மா கொடுத்துவிடவில்லை. பள்ளிகளில் ஸ்வீடிஷ் நிலைக்கும், நிலம் வெளியார் கைக்குப் போகாது என்று உங்களிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது. மறு ஆண்டே தீவின் முதல் சட்டமன்றம் கூடியது. சபாநாயகர் சுண்ட்ப்ளூம், அரசின் தலைவர் பியோர்க்மன்! தான் சிறையில் அடைத்தவர்களிடமே ஆட்சியை ஒப்படைத்த நாடு என்று பின்லாந்தை நான் மனதார மதிக்கிறேன்.

சரி, இன்றைய நிலை என்ன? ஹெல்சிங்கி அலுவலகங்கள் தீவு அரசுக்கு ஸ்வீடிஷில்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் ஃபின்னிஷில் வரும் காகிதங்களைப் பற்றித் தீவுகளின் தலைநகரான மரியஹாம்னிலிருந்து திரும்பத் திரும்ப முறையீடு எழுகிறது. மொத்தமே 30,000 பேர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். பிரிந்துபோக நினைத்தவர்களைத் தங்க வைத்தது அந்த உறுதிமொழிதான்.

2023-இல் நீங்கள் நேட்டோவில் சேர்ந்தபின், 1856 முதல் ராணுவமில்லாமல் இருக்கும் அந்தத் தீவுகளில் படை நிறுத்தலாமே என்ற குரலும் கேட்கிறது. உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே வாழ்பவர்களைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

புதிய சட்டத்தில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள்: தீவைத் தொடும் எந்த மசோதாவும் ஃபின்னிஷில் வெளியாகும் அதே நாளில் ஸ்வீடிஷிலும் மரியஹாம்ன் போய்ச் சேர வேண்டும். தவறினால் எந்த அமைச்சகம் பதில் சொல்லும் என்பதையும் அங்கேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டில் வாழும் ஒரு தமிழர்